நோயும் காதலும் மலையும்: இரு திரைப்படங்கள் குறித்து மலையகத்திலிருந்து ஒரு நோக்கு

1

காதலும் குடும்பமும் கொடுநோயும் ஒருங்கே பிணையும் கதைகளுக்குத் தமிழ்த் திரைப்படத்திலே நீண்ட வரலாறு உண்டு. பீம்சிங்கின் 'பாலும் பழமும்' (1961) காசநோய்க்கு ஆளாகும் தாதியையும் புற்றுநோய் ஆராய்ச்சியில் மூழ்கிய அவளது மருத்துவக் கணவனையும் பற்றியது. ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) தன் முன்னாட் காதலியின் கணவனைப் புற்றுநோயிலிருந்து காக்கவேண்டிய நிலைக்குள்ளாகும் மருத்துவனைப் பற்றியது. 1982 ஆம் ஆண்டிலே 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' ஆகிய இரு படங்கள் நோயுற்ற காதலனை மையமாகக் கொண்டு வெளிவந்து பெருவெற்றி பெற்றன. இவ்வரிசையிலே நிறைவான கலைநுட்பத்துடன் அமைந்தது மணிரத்னம் 1989 இல் தெலுங்கிலே 'கீதாஞ்சலி' என்னும் பெயரில் இயக்கி, தமிழிலே 'இதயத்தைத் திருடாதே' என மொழிமாற்றம் பெற்ற படமாகும்.

இத்தகைய படங்களைக் 'கண்ணீர்ப் படங்கள்' என்று ஒதுக்கிவிடுவது விமர்சகனுக்கு எளிது. ஆயின் அவ்வாறு ஒதுக்குவது அவற்றைப் பார்த்து அழுத மக்களையும் சேர்த்து ஒதுக்குவதாகும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் தேயிலைத் தோட்டங்களிலே உழைத்த மக்கள் பல தலைமுறையாக இந்தக் கதைகளைத் தமதாகவே கொண்டுள்ளனர். தம் வாழ்விலே நோயை இத்துணை நெருக்கமாக அறிந்தவர்கள், நோயைப் பற்றிய இத்துணை தூரமான கற்பனைகளுக்கு ஏன் மனமுருகினர் என்பது ஆராயத்தக்க வினாவாகும். அவ்வினாவுக்கு விடைகாண முயலும் இக்கட்டுரை, தேயிலை மலைகளையே களமாகக் கொண்ட இரு படங்களை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, நீலகிரியிலே நிகழும் 'இதயத்தைத் திருடாதே'. மற்றையது, பாலா இயக்கி 2013 இல் வெளிவந்த 'பரதேசி'. இரண்டிலும் காதல் உண்டு, பிரிவு உண்டு, சாவைக் கொணரும் நோய் உண்டு. ஆயின் நோய் எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு இரண்டும் தரும் விடைகள் முற்றிலும் வேறானவை.

2

மலையையும் காதலையும் நோயையும் இணைத்துக் காண்பது தமிழுக்குப் புதியதன்று. குறிஞ்சித்திணை மலைசார்ந்த காதலைப் பாடுவது. அங்கே தலைவி காதலால் மெலிகிறாள். உடல் பசலை பூக்கிறது. காரணம் அறியாத தாய் அதனை முருகனால் வந்த நோய் எனக் கருதி வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். அவ்வேளையிலே தோழி உண்மைக் காரணத்தை வெளியிடுகிறாள். இதனை இலக்கணகாரர் அறத்தொடு நிற்றல் என்றனர். குறிஞ்சிப் பாடல்களிலே நோய் வெறும் துயரக்குறியாக நிற்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. நோயின் காரணம் யாது என்பதே அங்கு குடும்பத்துக்குள் நிகழும் போராட்டமாகிறது. தெய்வத்தின்மேல் ஏற்றப்பட்ட காரணத்தை மனித உறவுக்கு மீட்டுக்கொணர்வதே தோழியின் பணி.

திரைப்படத்திலே நாம் காணும் மலை இந்தக் குறிஞ்சி மலையின் நேரடி வாரிசு அன்று. அதன் பிறப்பு குடியேற்றவாத ஆட்சியோடு தொடர்புடையது. 1820களிலே கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜோன் சல்லிவன் உதகமண்டலத்தை ஐரோப்பியருக்குரிய மலைவாசத்தலமாக வளர்த்தார். அதே பத்தாண்டின் இறுதியிலே இலங்கைத் தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் நுவரெலியாவைச் சமவெளி வெப்பத்தால் நலிவுற்ற வெள்ளை அதிகாரிகளும் படையினரும் உடல்தேறும் இடமாக அமைத்தார். மலை என்பது நோயாளி ஏறிச்சென்று ஓய்வுபெறும் இடம் என்ற எண்ணம் இவ்வாறுதான் நம் நாடுகளிலே வேரூன்றியது. ஐரோப்பாவிலே இவ்வெண்ணம் தனி இலக்கிய மரபாகவே வளர்ந்தது. டூமாவின் காசநோய்க் காதலியும் (1848), தோமஸ் மானின் மலைமேல் மருத்துவமனையும் (1924) அதன் இரு நிலைகள். காசநோயை மென்மையானோரின் நோயாகவும் அழகின் அடையாளமாகவும் ஆக்கிய இம்மரபைச் சூசன் சொன்ராக் 1978 இல் வெளியிட்ட நூலிலே கூர்மையாக ஆராய்ந்துள்ளார். ஆயின் அதே காசநோய் இங்கிலாந்தின் ஆலைநகர்களிலே யாரைக் கொன்றது என்பதை 1845 ஆம் ஆண்டிலேயே ஏங்கெல்ஸ் எழுதிவிட்டார். வாழ இயலாத நிலைமைகளிலே தொழிலாளரை வைத்து, அவர்கள் சாவதை அறிந்தும் அந்நிலைமைகளைத் தொடரவிடுவது சமூகம் புரியும் கொலை என்பது அவர் கண்ட முடிவு.

ஆகவே ஒரே நோய்க்கு இரு வரலாறுகள் உள்ளன. ஒரே மலைக்கும் அவ்வாறே. தோட்டமக்களின் பேச்சுவழக்கு இதனை ஒரு சொல்லிலே காட்டிவிடுகிறது. 'மலைக்குப் போதல்' என்பது நகர வாசகருக்கு ஓய்வையும் குளிர்ச்சியையும் குறிக்கும். தோட்டத்திலே அது விடியற்காலைப் பிரட்டிலே பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்கச் செல்வதைக் குறிக்கும். அங்கே மலை என்றாலே வேலைத்தளந்தான்.

3

'இதயத்தைத் திருடாதே' முதற்பொருளிலேயே மலைக்குப் போகும் கதை. பட்டம்பெற்ற இளைஞன் பிரகாஷ் விபத்தொன்றின் பின் தனக்குத் தீராத புற்றுநோய் உண்டென அறிகிறான். வீட்டாரின் துயரத்தைத் தாங்கமாட்டாமல் ஊட்டிக்கு வருகிறான். அங்கே குறும்பும் துணிவும் மிக்க கீதாஞ்சலியைச் சந்திக்கிறான். அவளும் இதயநோயால் நாள் எண்ணப்பட்டவள் என்பது பின்னர் தெரியவருகிறது. பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவு பனியையும் மங்கலான ஒளியையும் கதையின் உணர்வாகவே மாற்றுகிறது. இளையராஜாவின் இசை சொல்லப்படாத அச்சத்தைத் தாங்கிச் செல்கிறது. தேசிய விருதும் மக்களின் பேராதரவும் ஒருங்கே பெற்ற படம் இது.

இப்படத்தின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். முந்திய படங்களிலே நோய் பெரும்பாலும் தியாகத்துக்கான வாயில். 'பாலும் பழமும்' படத்திலே நோயுற்ற மனைவி கணவனின் ஆராய்ச்சிக்கு இடையூறாகக்கூடாதென வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்திலே நோயுற்ற கணவன், தான் இறந்தால் மனைவி மருத்துவனை மணக்கவேண்டும் என வேண்டுகிறான். ஈற்றிலே உயிர்துறப்பவன் மருத்துவனே. அங்கெல்லாம் ஒருவர் விலகினால்தான் குடும்பம் என்னும் அமைப்புக் காப்பாற்றப்படும். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' விதவை மறுமணம் என்ற வினாவை எழுப்பும் துணிவுடையது. ஆயின் மருத்துவனைச் சாகவிட்டு அவ்வினாவுக்கு விடைகூறும் பொறுப்பிலிருந்து தப்பித்துக்கொள்கிறது. 'இதயத்தைத் திருடாதே' இத்தியாகக் கருத்துநிலையை மறுக்கிறது. சாகப்போகிறவர்களுக்கும் காதலிக்கும் உரிமை உண்டு, காலம் குறுகியது என்பதால் அவ்வுரிமை குறுகாது என அது கூறுகிறது. கீதாஞ்சலி பரிதாபத்தை ஏற்க மறுப்பவள். நோயுற்ற பெண் படுக்கையிலே அழகாக வாடவேண்டும் என்ற மரபை அவளது சிரிப்பு உடைக்கிறது. இது முற்போக்கான கூறு என்பதிலே ஐயமில்லை.

ஆயின் இவ்வுரிமை யாருக்குரியது? பிரகாஷ் தன் நோயோடு ஊட்டிக்கு வந்து தங்க முடிகிறது. வேலை, வாடகை, மருந்துச்செலவு ஆகிய எவையும் கதைக்குள் நுழைவதில்லை. நோய்க்குக் காரணமும் இல்லை. அது விதியைப்போல் வானத்திலிருந்து இறங்குகிறது. இங்கு நோய் அவனுக்கு ஓய்வைத் தருகிறது. சாவு பற்றிய சிந்தனைக்கு நேரத்தையும் இடத்தையும் தருகிறது. அதற்கேற்ப மலையும் வெறுமையாக்கப்படுகிறது. பச்சைச் சரிவு தெரிகிறது. அதனைப் பச்சையாக வைத்திருப்போர் கதைக்குள் இல்லை.

இவ்வெறுமை இலங்கை மலையகத்தாருக்குத் தனிப்பட்ட முறையிலே தைக்கத்தக்கது. 1964 ஒக்டோபரிலே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கவும் முடிவுசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிட்டது. அனுப்பப்பட்டோருக்கு வேலை வழங்கும் நோக்குடன் தமிழ்நாட்டு அரசு 1968 இல் நீலகிரியிலே தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கியது. அதுவே பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. ஆகவே 'இதயத்தைத் திருடாதே' படமாக்கப்பட்ட காலத்திலே கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் கொழுந்தெடுத்தோருட் பலர் ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் சென்றவர்கள். அவர்களிடையேயும் காதல் இருந்தது; குடும்பம் இருந்தது. ஒப்பந்தம் அவற்றை ஊடறுத்தது. பெற்றோர் ஒரு நாட்டுக்கும் மணமுடித்த மகள் இன்னொரு நாட்டுக்கும் உரியவராயினர். அம்மக்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்தை மலையகம் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தது. பிரிவின் துயரைச் சொல்ல முற்பட்ட ஒரு காதற்கதை, பிரிவால் நிரம்பிய ஒரு மலையிலே நின்றும் அதனைக் காணவில்லை என்பது அப்படத்தின் கலைக்குறையை மட்டுமன்றி, அது பிறந்த வர்க்கத்தின் பார்வை எல்லையையும் காட்டுகிறது.

4

தோட்டத்திலே நோய் எவ்வாறு இருந்தது? அதற்கு எப்பொழுதும் பெயரும் காரணமும் இருந்தன. கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையிலிறங்கி மாத்தளைவரை காட்டுப்பாதையில் நடந்தவர்களை வாந்திபேதியும் அம்மையும் கொன்றன. பின்னர் மண்டபத்திலே தடுப்பு முகாம் அமைக்கப்பட்டபோதும், காக்கப்பட்டது முதலாவதாகத் தோட்டத்தின் உழைப்புச் சக்தியே. 1872 இலும் 1912 இலும் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் குறித்துச் சட்டங்கள் ஆக்கப்பட்டன. இறந்த தொழிலாளி தோட்டத்துக்கு நட்டம் என்ற கணக்கே அச்சட்டங்களின் உள்ளுறை. 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டங்களிலே தொடங்கியது. கொக்கிப்புழு, மலசலகூடமற்ற நிலத்திலே வெறுங்காலுடன் நடப்பவனின் உடலிலே புகுந்து இரத்தத்தைக் குடிப்பது. மருந்து கொடுத்தால் புழு வெளியேறும். மலசலகூடம் கட்டாவிடில் மீண்டும் புகும். நோயைத் தீர்ப்பதா, நோய்க்கான நிலைமையைத் தீர்ப்பதா என்ற வினாவை இதைவிடத் தெளிவாக வேறெந்த நோயும் எழுப்பியதில்லை எனலாம்.

லயக்காம்பராவின் நெருக்கமும் அடுப்புப் புகையும் நெஞ்சுநோய்களுக்கு வழிவகுத்தன. போதிய உணவின்றிக் கூடை சுமக்கும் பெண்களைச் சோகை நலித்தது. 1973–74 உணவு நெருக்கடியின்போது தோட்டப்புறத்திலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாகி, 1992 இல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறிய பின்னரும் நிலை அடிப்படையிலே மாறிவிடவில்லை. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் அற்றோர் நாடளாவிய நிலையிலே ஏறத்தாழ 17 விழுக்காடு; தோட்டத்துறையிலே ஏறத்தாழ 32 விழுக்காடு. இது விதியன்று; கூலியும் குடியிருப்பும் தீர்மானிக்கும் உயரம்.

நாட்கூலி முறையிலே நோய்க்கு இன்னொரு பொருளும் உண்டு. பேர் விழுந்தால்தான் கூலி. நோயுற்றவளுக்குப் பேர் இல்லை; அன்று வீட்டிலே அரிசியும் குறையும். எனவே காய்ச்சலுடனும் மலையேறுவது வழமையாயிற்று. திரைப்படத்து நாயகனுக்கு நோய் ஓய்வைத் தருகிறது என்றோம். தோட்டத்துப் பெண்ணுக்கு நோயாளியாக இருப்பதற்கே நேரம் கிடைப்பதில்லை.

இவ்வாழ்வை இலக்கியம் திரைப்படத்துக்கு வெகு முன்னரே கண்டுகொண்டது. புதுமைப்பித்தன் 1930களிலே எழுதிய 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அள்ளிச்செல்லப்பட்ட மருதியின் கதை. அதிலும் காதலும் குடும்பமும் பிரிவும் நோயும் உள்ளன. ஆயின் மருதியின் நோய் அவளைப் பயன்படுத்தி எறிந்த அதிகாரத்திலிருந்து அவளுடலுக்கு வந்தது. அந்நோய்க்கு ஊற்றுக்கண் எது என்பதை வாசகன் மறக்கவியலாது. இந்நாட்டிலே தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய தி. ஞானசேகரன் 'குருதிமலை' (1979) நாவலைப் படைத்தார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. இலங்கைத் தமிழ்த் திரைப்படமும் 'தோட்டக்காரி' (1963), 'புதிய காற்று' (1975) ஆகியவற்றிலே தோட்டத்தைக் களமாக்கியதுண்டு. எனினும் தோட்டத்தின் நோயையும் காதலையும் ஒரே கதையின் மையத்திலே நிறுத்தும் முயற்சி, பின்னர் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது.

5

அம்முயற்சியே 'பரதேசி'. ஆனைமலைத் தோட்டங்களிலே மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டானியல் 1969 இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பிலே 'எரியும் பனிக்காடு' எனத் தமிழுக்கு வந்த நாவலைத் தழுவியது இப்படம். களம் ஆனைமலையாயினும் கங்காணி, முன்பணம், நெடுநடை, லயம், துரை ஆகிய யாவும் நமது மலையகத்தின் வரலாறேயாகும். கிராமத்திலே பறையறைந்து செய்தி சொல்லும் ராசாவும் அங்கம்மாவும் காதலிக்கின்றனர். பஞ்சம் பிழைக்க அவன் கங்காணியின் பின்னே செல்கிறான். அங்கம்மா கருவுற்றவளாய் ஊரிலே காத்திருக்கிறாள். கணக்கு முடியாத கடன் அவனைத் தோட்டத்திலே பிணிக்கிறது. தப்பியோட முயன்றவனின் குதிகால் நரம்பு வெட்டப்படுகிறது. கணவன் ஓடிப்போனதால் சிறுமகளுடன் தனித்துவிடப்பட்ட மரகதம் கொள்ளைநோயிலே மடிகிறாள்; அவளது பிள்ளையை ராசா ஏற்றுக்கொள்கிறான்.

இங்கே நோய் உற்பத்தி உறவுகளுள் வைத்துக் காட்டப்படுகிறது. கடன், உணவு, உறைவிடம், உழைப்பு ஆகியவற்றின் தொடர்ச்சியாகவே அது வருகிறது. குடும்பம் என்பதும் இரத்த உறவிலிருந்து விரிந்து, சாவு விட்டுச்சென்ற பிள்ளையைப் பொறுப்பேற்கும் தோழமையாகிறது. இதுவே படத்தின் பேறு.

ஆயின் கொள்ளைநோய் உச்சமடையும் இடத்திலே படம் தடம்புரள்கிறது. டானியலின் நாவலிலே மருத்துவர் ஆபிரகாம் தொழிலாளரின் சாவுக்குக் காரணத்தைத் தேடி, தோட்ட நிருவாகத்துடன் மோதும் பாத்திரம். திரைப்படத்திலோ மருத்துவர் மதமாற்றத்துக்காக ஆடிப்பாடும் கேலிச்சித்திரமாகிவிடுகிறார். மிஷனரிமாரின் வரலாற்றுப் பங்கு விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. எனினும் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சாகும் கணத்திலே பார்வையாளனின் சினத்தை மூலதனத்திலிருந்து மதத்தின்பால் திருப்புவது அரசியல் விளைவுடைய செயலாகும். குறிஞ்சித் தாய் வேலனை அழைத்ததுபோலப் படமும் நோயின் காரணத்தை இடம்மாற்றிவிடுகிறது. நாவலிலே அறத்தொடு நின்ற பாத்திரத்தையே அது வெறியாட்டுக்காரனாக்கிவிட்டது.

இக்குறையை மீறி நிற்பது படத்தின் முடிவு. தன் கணவனைத் தேடி அங்கம்மா மகனுடன் தோட்டத்துக்கு வந்துசேர்கிறாள். காதற்கதையின் இலக்கணப்படி இது மகிழ்ச்சியின் உச்சம். நெடும்பிரிவின் பின் தலைவனும் தலைவியும் குழந்தையும் ஒன்றுசேர்கின்றனர். ஆனால் ராசா அலறுகிறான். அவளும் பிள்ளையும் இந்த நரகக்குழிக்குள் விழுந்துவிட்டனரே என்பதே அவன் ஓலம். 'இதயத்தைத் திருடாதே' படத்திலே ஒன்றுசேர்தல் நோயை வெல்கிறது. 'பரதேசி'யிலே ஒன்றுசேர்தலே நோய்க்குள் நுழைவதாகிறது. ஒரே காதல் மரபின் இவ்விரு முடிவுகளுக்கும் இடையிலுள்ள தூரம், மலைக்கு ஓய்வுக்காக ஏறியவனுக்கும் உழைப்புக்காக ஏற்றப்பட்டவனுக்கும் இடையிலுள்ள தூரமாகும். காதலர் ஒன்றுசேர்வதற்கு உகந்த உலகம் இல்லாதவிடத்து, ஒன்றுசேர்வதை மட்டும் இன்பமுடிவெனக் காட்டுதல் பொய் என்பதை அந்த ஓலம் உணர்த்துகிறது.

6

தோட்டமக்கள் ஏன் அழுதனர் என்ற தொடக்க வினாவுக்கு இனித் திரும்பலாம். ஏமாற்றப்பட்டதால் அழுதனர் என்பது போதிய விடையன்று. தம் விருப்பத்துக்கு அப்பாற்பட்ட ஏதோவொன்று தம் காதலையும் குடும்பத்தையும் அறுக்கிறது என்ற அனுபவம் அவர்களுக்கு நிச்சயமானது. கொள்ளைநோய், கங்காணியின் கடன், நாடற்ற நிலை, ஒப்பந்தம் என அதன் வடிவங்கள் பல. திரைப்படம் அவ்வனுபவத்துக்குப் புற்றுநோய் என்றும் விதி என்றும் பெயரிட்டது. பெயர் பிழை, வலி பிழையன்று. பிழையான பெயரினூடாகவேனும் தம் வலிக்கு ஒரு பொது இடம் கிடைத்தமையால் அவர்கள் அழுதனர் என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

அவர்களுக்கெனச் சொந்தமான துயரவடிவம் ஒன்றும் இருந்தது. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களையும் தோட்டத்து ஒப்பாரிகளையும் நோக்குமிடத்து, அங்கு துயரம் பெயரற்றதாக இல்லை. கங்காணி வருகிறான், துரை வருகிறான், குளிரும் கூலியும் கடல்கடந்த பயணமும் வருகின்றன. இறந்தவரைப் பாடும்போதே அவரை இறக்கச்செய்த வாழ்வையும் பாடும் மரபு அது. ராசாவின் ஓலம் அம்மரபின் குரலாக ஒலிப்பதனாலேயே வலிமை பெறுகிறது.

எனவே நமக்கு வேண்டுவது கண்ணீரற்ற கலை அன்று. பிரகாஷும் கீதாஞ்சலியும் கோரிய உரிமை, சாவின் முன்னும் காதலிக்கும் உரிமை, உயர்ந்த உரிமையே. அது ஓய்வும் மருந்தும் உள்ளவர்களின் தனியுடைமையாக இருப்பதுதான் குறை. பேர் விழாத நாளிலும் அடுப்பெரியும், நோயுற்றவள் படுத்திருக்க முடியும், ஒன்றுசேரும் குடும்பம் வாழ முடியும் என்ற நிலை வரும்போதே அது எல்லார்க்கும் உரியதாகும். அந்நிலைக்கான போராட்டத்தைக் கலை நடத்திவிடாது. ஆயின் நோயின் காரணத்தை உரியவிடத்திலே சுட்டிக்காட்டக் கலையால் இயலும். குறிஞ்சித் தோழி செய்தது அதுவே. மலையகத்தின் காதலையும் நோயையும் பாடவரும் படைப்பாளியிடமும், அவற்றை மதிப்பிடவரும் திறனாய்வாளனிடமும் வேண்டப்படுவதும் அந்த அறமேயாகும்.